நாற்பதுக்குச் சைபர்

நாலு மாதமாக இந்தக் குடும்பத்தில் ஒரு ரகசியம் செருப்பில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறது. புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு, ஒரே மூச்சில்: கல்லூரியின் கணிதத் துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் முடிவிலி. பேச ஆரம்பித்தால் முடிக்க மாட்டார். அவருடைய மனைவி கடைத்தெருவில் தையல் கடை நடத்துகிறவர். ஐம்பத்திரண்டு வயதில், கணவருக்குத் தெரியாமல், பிறந்த வீட்டு முதலெழுத்தைப் போட்டுக்கொண்டு அதே கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்துவிட்டார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் மருமகள். அவள் அங்கேயே புள்ளியியல் விரிவுரையாளர். மகன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அப்பா லிஃப்டில் வருகிறார் என்று தெரிந்தால் மாடிப்படியில் இறங்கிவிடுவான்.

போன வாரம் முடிவிலி ஒரு பட்டியலை மருமகளிடம் நீட்டி, "பிழையின்றித் தட்டச்சு செய்துவிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவியிடம் சட்டைப் பொத்தான் அறுந்ததைச் சொல்வதென்றாலும் அவர் எழுத்துத் தமிழில்தான் சொல்வார்.

இன்று காலை ஒன்பது மணிக்கு மருமகள் அந்தப் பட்டியலைப் பிரித்தாள்.

அவளுடைய அறை சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டியது. அந்தக் கல்லூரியில் கணிதம் மாடி மாடியாக ஏறும். தரைத்தளத்தில் கூட்டல் கழித்தல் பின்னம் சதவீதம். முதல் மாடியில் இயற்கணிதம். இரண்டாவது மாடியில் முக்கோணவியல். மூன்றாவது மாடியில், காற்று நன்றாக வரும் பக்கத்தில், நுண்கணிதம். அதற்குப் பக்கத்து அறையில் முடிவிலி. புள்ளியியலைக் கணிதம் என்று அவர் ஒப்புக்கொள்ளாததால் அதற்கு மாடியே கிடையாது. "எண்ணிப் பார்ப்பதெல்லாம் கணிதமாகுமா?" என்று கேட்டு அதைச் சைக்கிள்களோடு விட்டுவிட்டார். போதாததற்கு, மருமகள் தரைத்தளத்து எண்கணித வகுப்பையும் எடுக்க வேண்டும் என்று உத்தரவு.

யார் எந்த மாடி என்பதை நுழைவிலேயே ஒரு தேர்வு முடிவு செய்யும். நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் அ, ஆ, இ, ஈ என்று நாலு வட்டம். ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். பக்கத்து ஆளைப் பார்த்து எழுதக்கூடாதென்று பாதிப் பேருக்கு வெள்ளைத் தாள், பாதிப் பேருக்குக் கேள்விகளை இடம் மாற்றிய மஞ்சள் தாள். வினா, விடை, திருத்தம் எல்லாம் முடிவிலியின் சொந்தக் கைவேலை. இந்த வருடம் அவர் ஒரு படி மேலே போனார். ஆறு மதிப்பெண்ணுக்குக் கீழே வாங்கியவர்கள் எண்கணிதத்துக்கே லாயக்கில்லை, அவர்களைக் கல்லூரியை விட்டே அனுப்பிவிட வேண்டும் என்று ஆட்சிக் குழுவுக்கு எழுதிவிட்டார். கூடவே பத்திரிகையில் ஒரு கட்டுரை: 'எண்ணற்ற தலைமுறை'. இந்தத் தலைமுறைக்கு மூளை தேய்ந்துவிட்டது என்பதற்கு அவர் காட்டிய ஆதாரம், தன்னுடைய தேர்வு முடிவுகள்தான்.

குழு இன்று மூன்று மணிக்குக் கூடுகிறது. பட்டியலில் முப்பத்து நாலு பேர்.

பெயர் இல்லை. பதிவெண், மதிப்பெண், தாளின் நிறம், அவ்வளவுதான். மருமகள் முதல் வரியைத் தட்டினாள். பதிவெண் நூற்றுப் பதினேழு. மதிப்பெண் சைபர்.

விரல் நின்றுவிட்டது. நூற்றுப் பதினேழு அவளுடைய மாமியார்.

சைபரா? வகுப்பில் மற்றவர்கள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கும்போது விடையைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்க்கிற அத்தையா?

அடுத்த வரியும் சைபர். அதற்கடுத்ததும் சைபர். பிறகு ஒன்று, ஒன்று, இரண்டு. நிறம் என்ற கட்டத்தில் அவள் ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள். மஞ்சள். மஞ்சள். முப்பத்து நாலு வரியிலும் மஞ்சள்.

பூவா தலையா போட்டு முப்பத்து நாலு தடவையும் பூவே விழுந்தால், சாதாரண மனிதர்கள் ஆச்சரியப்படுவார்கள். புள்ளியியல் படித்தவர்கள் காசை வாங்கிப் பார்ப்பார்கள்.

*

எண்கணித வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, கடைசி வரிசையில் நோட்டை மடித்துக்கொண்டிருந்த அத்தையிடம் போய் நின்றாள்.

"அத்தை, நுழைவுத் தேர்வுல எத்தனை கேள்வி எழுதினீங்க?"

"நாப்பதும்தான். ஏன்?"

"தெரியாததை ஊகிச்சு எழுதினீங்களா?"

"தெரியாததுன்னு எதுவும் இல்லையேம்மா. ரெண்டு தடவை சரிபார்த்தேன். நேரம் மிச்சம் இருந்துச்சு, ஜன்னல் கம்பியை எண்ணிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் தரைத்தளம்னு சொன்னாங்க. சரி, நமக்கு அவ்வளவுதான்னு நினைச்சுக்கிட்டேன். இருபத்தெட்டு வருஷமா அதைத்தானே கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"மார்க் சொன்னாங்களா?"

"மார்க்கை யார் சொல்றாங்க? மாடியைத்தான் சொல்லுவாங்க."

மருமகள் பட்டியலை நீட்டி, அது மூன்று மணிக்குக் குழுவின் முன் எதற்காகப் போகிறது என்பதையும் சொன்னாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சைபரா?"

"ஆமா அத்தை."

"ஒண்ணுகூட இல்லையா? ஏழும் எட்டும் பதினஞ்சுன்னு எழுதினேனே, அதுகூடவா தப்பு?" நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "இன்னிக்கு மூணு மணிக்கு வெளிய அனுப்பப்போறாங்களா? அவர் கையெழுத்துப் போட்டா?"

"உக்காந்துக்கிட்டே கேளுங்க. ஒண்ணுமே தெரியாத ஆள், கேள்வியையே படிக்காம, கண்ணை மூடிக்கிட்டு வட்டத்தைக் கறுப்பாக்கினா எவ்வளவு வரும் தெரியுமா? நாலுல ஒண்ணு. பத்து மார்க் வரும். கொஞ்சம் கூடும், குறையும். சைபர் மட்டும் வராது. அப்படி லட்சம் பேர் எழுதினா ஒருத்தருக்கு வரும். இங்க நூறு மஞ்சள் தாள்ல மூணு பேருக்கு வந்திருக்கு."

"அப்படின்னா?"

"சைபர் வாங்கணும்னா நாப்பது விடையும் தெரிஞ்சிருக்கணும் அத்தை. தெரிஞ்சு, ஒண்ணு விடாம அதுக்குத் தள்ளி நிக்கணும்."

அத்தை கண்ணாடியைக் கழற்றி நோட்டின் மேல் வைத்தார். அழப்போகிறார் என்று மருமகள் கைக்குட்டையைத் தேடினாள். அத்தை எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"அவர் ரூம் எந்த மாடி?"

"மூணு. ஆனா அத்தை, நீங்க இங்க படிக்கிறது மாமாவுக்குத் தெரிஞ்சிடுமே?"

"சைபர் வாங்கினவளுக்கு இனிமே என்ன மானம்? வா."

*

மணி இரண்டேகால். முடிவிலி ஜன்னலைப் பார்த்து நின்று, குழுவிடம் ஆற்றவேண்டிய உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். தென்னங்கீற்று தலையாட்டியது. நல்ல சபை.

"அறிவின் அடித்தளமே ஆட்டம் கண்டிருக்கும் இவ்வேளையில்," என்று திரும்பியவர், வாசலில் மருமகளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் தன் மனைவியைப் பார்த்தார். மனைவியின் தோளில் புத்தகப் பையைப் பார்த்தார். பையில் தொங்கிய மாணவர் அடையாள அட்டையைப் பார்த்தார்.

"நீ இங்கு என்ன செய்கிறாய்?"

"படிக்கிறேன்."

"எதை?"

"எண்கணிதம். தரைத்தளம். உங்க பட்டியல்ல மொத ஆள் நான்தாங்க. நூத்திப் பதினேழு."

முடிவிலி வாயைத் திறந்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அதிலிருந்து எதுவும் வரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனாலும் துறைத்தலைவர் அல்லவா, சீக்கிரம் தேறிவிட்டார்.

"சைபர் என்பது நீதானா? வியப்பதற்கில்லை. உனக்கு எதற்கு இந்த வீண் முயற்சி என்றுதான் நான்..."

"சார்," என்றாள் மருமகள். கல்லூரிக்குள் அவர் மாமா இல்லை. "மஞ்சள் தாள் திருத்தினதுல ஏதோ தப்பு இருக்கு. முப்பத்து நாலு பேரும் மஞ்சள். ஒரு வெள்ளைகூட இல்லை."

"தற்செயல்."

"தற்செயலுக்கும் ஒரு அளவு இருக்கு சார். அதை அளக்கிறதுதான் என் வேலை."

"எண்ணிப் பார்ப்பதெல்லாம்..."

"கணிதம் ஆகாது, தெரியும். நீங்க திருத்தின அட்டையை மட்டும் காட்டுங்க."

மறுத்தால் பயந்ததாகிவிடும். முடிவிலி இழுப்பறையைத் திறந்து இரண்டு கனமான அட்டைகளை எடுத்து வைத்தார். சரியான விடை இருக்கும் இடத்தில் மட்டும் சிறு துளை, நாற்பது வரிசைக்கு நாற்பது துளை. விடைத்தாள் மேல் வைத்தால் எத்தனை துளையில் கறுப்புத் தெரிகிறதோ அத்தனை மதிப்பெண்.

"என் கையால் வெட்டியவை. இயந்திரம் பிழை செய்யும். கை செய்யாது. வினாக்கள் ஆண்டுதோறும் மாறும், அட்டை மாறாது. இவற்றை வெட்டப் பயன்பட்ட விடைவரிசை எனக்கு மனப்பாடம்; விடைகள் அதே வரிசையில் விழும்படிதான் வினாக்களையே அமைப்பேன்."

கேள்விக்கு அட்டை வெட்டுகிறவர்கள் உலகத்தில் உண்டு. அட்டைக்குக் கேள்வி வெட்டியவர் இவர் ஒருவர்தான். போதாக்குறைக்கு ஒவ்வொரு அட்டையின் நெற்றியிலும் 'வெள்ளை', 'மஞ்சள்' என்று எழுதி, கீழே முழுக் கையெழுத்து. அட்டைக்கும் வாரிசு உரிமை கேட்டு யாராவது வந்துவிடுவார்கள் என்று பயமோ என்னவோ.

மருமகள் வெள்ளை அட்டையைப் பார்த்தாள். மஞ்சள் அட்டையைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. துளை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

"இப்படிக் குடு," என்றார் அத்தை.

அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை. கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் துளைகளின் ஓரத்தைத் தடவினார். முதலில் வெள்ளை. பிறகு மஞ்சள். மஞ்சளில் விரல் நின்றது.

"இதைக் கத்தியால வெட்டினீங்களா?"

"ஆம். அதற்கென்ன?"

"கத்தி இறங்கின பக்கம் வழவழன்னு இருக்கும். வெளிய வர்ற பக்கம் பிசிறு தட்டும். வெள்ளை அட்டையில உங்க கையெழுத்து வழவழப்பான பக்கம் இருக்கு. மஞ்சள்ல பிசிறு பக்கம் போட்டிருக்கீங்க."

"அதனால்?"

"வெட்டி முடிச்சுட்டு அட்டையைப் புரட்டிப் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதுதான் மேல்பக்கம்னு வச்சுத் திருத்திக்கிட்டு இருக்கீங்க. எங்க கடையில புதுசா வர்ற பொண்ணுங்க இதைத்தான் பண்ணும். சட்டைக் கை வெட்டுற அட்டையைத் தப்பாப் புரட்டி வச்சா ரெண்டும் இடது கையா வந்து நிக்கும். அதுக்குத்தான் வெட்டுறதுக்கு முன்னாடியே மேல்பக்கம்னு எழுதிடணும்னு தலையில அடிச்சுச் சொல்லுவேன்."

அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

மருமகளுக்குத் தலையும் சேர்ந்து சுற்றியது. புரட்டினால் அ இருக்கிற இடத்துக்கு ஈ வரும். ஆ இருக்கிற இடத்துக்கு இ. நாலு வட்டத்தில் எதுவும் தன் இடத்தில் தங்காது. சரியாக எழுதிய ஒவ்வொரு விடையும் தப்பு. முழுவதும் சரியாக எழுதினால் முழுச் சைபர். ஒன்றும் தெரியாதவனுக்கு வழக்கம்போலப் பத்து.

"சார்," என்றாள். "இது மோசமானவங்க பட்டியல் இல்லை. இந்த வருஷத்துலயே நல்லா எழுதினவங்க பட்டியல்."

"அபத்தம்," என்றார் முடிவிலி. கை மட்டும் தானாக அலமாரிப் பக்கம் போய் மஞ்சள் தாள் கட்டை எடுத்தது. நூற்றுப் பதினேழை உருவினார். அட்டையை, கையெழுத்து கீழே போகும்படி, புரட்டி வைத்தார்.

முதல் துளையில் கறுப்பு. இரண்டாவதில் கறுப்பு. அவர் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். இருபதைத் தாண்டியதும் பென்சில் மெதுவானது. முப்பத்தைந்தில் உதடு அசைவது நின்றது. நாற்பதாவது துளையிலும் கறுப்பு.

அடுத்த தாளை எடுத்தார். நாற்பது. அடுத்தது. நாற்பது. அடுத்தது முப்பத்தெட்டு.

"நாப்பதா?" என்றார் அத்தை. "எனக்கா?"

இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்திய பெண்ணை முடிவிலி ஏதோ வேற்று ஊர்க்காரரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டுரை வேறு வெளிவந்துவிட்டதே," என்றார் கடைசியில்.

நாலு மாதம் தரைத்தளத்தில் தலைகுனிந்து உட்கார்ந்த நூறு பேர் கீழே இருக்கிறார்கள்; மனிதருக்குக் கவலை கட்டுரையைப் பற்றி. மருமகளுக்கு வந்த கோபத்தில் அட்டையைப் பிடுங்கினாள். பிடுங்கியதில் கையெழுத்துப் பக்கம் மேலே வந்தது. கையெழுத்துக்குக் கீழே தேதி. எதிலும் தேதி போடாமல் விடுகிறவர் அல்லவே அவர்.

அவள் தேதியைப் படித்தாள். வருடத்தை மறுபடி படித்தாள்.

"சார், இந்த அட்டை வெட்டி ஒன்பது வருஷம் ஆகுது."

"ஆம், அட்டை மாறாது என்று சொன்னேனே..." என்று பெருமையாக ஆரம்பித்தவர், பாதியில் தான் என்ன சொல்கிறோம் என்பதைக் கேட்டுவிட்டார்.

ஒன்பது வருடம். வருடத்துக்கு நூறு மஞ்சள் தாள்.

மருமகள் தொள்ளாயிரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை தொள்ளாயிரம் வரைக்கும் போகவில்லை. ஒன்றிலேயே நின்றுவிட்டார்.

"நம்ம பையன் இங்க எழுதினது எப்பங்க?"

முடிவிலி பென்சிலை எடுத்து மேசை ஓரத்தோடு நேராக வைத்தார்.

"கேக்கிறேன்ல? எப்ப எழுதினான்? தரைத்தளத்துல போட்டதுக்கு ஒரு மாசம் போனான். கணக்கு வாத்தியார் பையனுக்குக் கூட்டத் தெரியலைன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சாப்பாட்டு மேசையில சிரிச்சீங்க. அதோட நின்னுட்டான். அது எந்த வருஷம்?"

கதவு தட்டப்பட்டது. அலுவலக உதவியாளர் தலையை நீட்டினார். "சார், கமிட்டி கூடியாச்சு. பட்டியலோட உங்களை வரச் சொல்றாங்க."

மணி இரண்டு ஐம்பத்தெட்டு. முடிவிலி எழுந்தார். ஒரு கையில், மருமகள் கொண்டுவந்திருந்த பட்டியலை எடுத்தார். மறு கையில் அட்டையை எடுத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டில் ஒன்றைக் கீழே வைத்துவிட்டால் அவர் இன்றைக்கும் துறைத்தலைவர்தான். அது அவருக்கும் தெரியும், அந்த இரண்டு பெண்களுக்கும் தெரியும்.

"முப்பத்து நாலு பேருங்க," என்றார் அத்தை, குரலை உயர்த்தாமல். "நான் போனா கடையைத் திறந்துக்குவேன். மத்தவங்க எங்க போவாங்க?"

முடிவிலி வாசல் வரை போனார். நிலைக்கதவில் கை வைத்து நின்றார். திரும்பவில்லை.

"அவனும் மஞ்சள்தான்," என்றார். எழுத்துத் தமிழ் எங்கேயோ போய்விட்டிருந்தது. "முதல் வருஷ அட்டை. அவன் தாள் வீட்ல என் பெட்டியில இருக்கு. அவன்கிட்டக் காட்டித் திட்டணும்னு எடுத்து வச்சேன். ஒரு மார்க்."

போய்விட்டார்.

மருமகள் அத்தையோடு தாழ்வாரத்துக்கு வந்தாள். ஒரு மார்க். கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் வராத ஒரு மார்க். ஐந்து வருடமாகத் தன்னோடு குடும்பம் நடத்துகிறவன், காய்கறிக் கணக்கைக்கூட "நீயே பாரு, எனக்கு வராது" என்று தள்ளிவிடுகிறவன், முப்பத்தொன்பது வரைக்கும் எடுத்திருக்கலாம்.

குழு அறை தாழ்வாரத்தின் கடைசியில். கதவை யாரும் சரியாகச் சாத்தவில்லை. குழுத் தலைவரின் குரல் கேட்டது: "உங்க கட்டுரையைப் படிச்சேன், என்ன தமிழ், என்ன சிந்தனை! சொல்லுங்க, சுருக்கமா இல்லாட்டியும் பரவாயில்லை." யாரோ சிரித்தார்கள். நாற்காலிகள் சாய்ந்து உட்காரும் சத்தம். முடிவிலியிடம் மாட்டிக்கொண்டால் எப்படி உட்கார வேண்டும் என்பது அந்தக் குழுவுக்குப் பழக்கம்.

கனமான அட்டை ஒன்று மேசையில் விழும் சத்தம் கேட்டது.

"பட்டியல் தப்பு. நான்தான் தப்பாத் திருத்திட்டேன். யாரையும் அனுப்பாதீங்க."

அவர் ஆயுளில் ஆற்றிய மிகச் சிறிய சொற்பொழிவு அதுதான். அதற்குப் பிறகு உள்ளே எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். "எத்தனை வருஷமா?" என்ற கேள்வி மட்டும் தனியாகக் கேட்டது. அதற்கு அவர் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை.

அத்தை பையிலிருந்து கைபேசியை எடுத்தார். இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்தினார். மூன்றாவது தடவை மணி போனது.

"அம்மா? என்னம்மா, இந்த நேரத்துல?" பின்னால் இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலித்தது. "யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லப்பா. நீ எங்க இருக்க?"

"லிஃப்ட் மேல உக்காந்திருக்கேன். நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல. ரெண்டு பேர் உள்ள மாட்டிக்கிட்டாங்க. எதுவா இருந்தாலும் சொல்லும்மா, கேட்டுக்கிட்டே வேலை பார்க்கிறேன்."

அத்தை மருமகளைப் பார்த்தார். மருமகள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"இப்ப சொல்லமாட்டேன்," என்றார் அத்தை. "அவங்களை முதல்ல வெளிய எடு. அப்புறம் நீ இறங்கு. தரைக்கு வந்து, ரெண்டு காலையும் ஊன்றி நின்னதுக்கப்புறம் எனக்குப் போன் பண்ணு."